ஏரி நிரம்பும் இரவில் கேட்க வேண்டிய குரல்... தென்னேரிக் கரையில் ஒரு வயர்லெஸ் பாடம்!

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் வழியில் இருக்கிறது தென்னேரி. வயல், தோப்பு, இடையிடையே தொழிற்சாலை பஸ்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு பக்கம் உயரமான மண் கரை தெரியும். கரை மேல் ஏறி நின்றால்தான் விஷயம் புரியும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். கோடையில் போனால் அதே இடத்தில் வெடித்த மண், மேயும் மாடுகள், நடுவில் கொஞ்சம் குட்டை.

காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். அதிலும் பெரிய ஏரிகளை விரல்விட்டு எண்ணினால் முதல் சில விரல்களுக்குள் தென்னேரி வந்துவிடும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் பெயரால் 'திரையன் ஏரி' என்று அழைக்கப்பட்டு, அதுவே 'தென்னேரி' ஆனது என்பது ஊர் சொல்லும் கதை. சங்க இலக்கியமான 'பெரும்பாணாற்றுப்படை'யின் நாயகனும் இதே இளந்திரையன்தான். ஊரில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட சிவன் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு நகரம் இங்கிருந்து சாலை வழியே சுமார் 20 கி.மீ.

ஏரி, கோயில், பட்டு... இந்த மூன்றையும் தெரிந்தவர்களுக்கு, நான்காவதாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது சுலபம். பெரும்பாலானவர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு பொருள் அது. டவர் அறைகளின் மூலையில், தூசி படிந்து, வரிசையாக நிற்கும் நான்கு அல்லது ஆறு உலோகக் குழாய்கள். அதன் பெயர் டூப்ளெக்ஸர். வெள்ள ராத்திரியில் வாக்கி டாக்கி பேசுமா, பேசாதா என்பது பல சமயம் அந்தக் குழாய்களின் சுத்தத்தில் இருக்கிறது.

ஏரிக்கரைக்கு ராத்திரியில்தான் பயம்

ஏரி நிரம்புவது ஊருக்குச் சந்தோஷம். கலங்கலில் தண்ணீர் வழிந்தால் பூ தூவிக் கும்பிடுவார்கள். ஆனால், நிரம்பிய ஏரிக்கு இன்னொரு முகமும் உண்டு. கரையில் எலி வளை, நண்டு வளை வழியாகக் கசிவு ஆரம்பிக்கும். பகலில் கண்ணில் பட்டால் மணல் மூட்டை போட்டு அடைத்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, கொட்டும் மழையில், டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பவர் என்ன செய்வார்? யாரையாவது கூப்பிட வேண்டும். உடனே கூப்பிட வேண்டும்.

போன் இருக்கிறதே என்று தோன்றும். 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். இதே மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. சென்னையிலும் புறநகரிலும் கரன்ட் போனது, டவர்களின் பேட்டரி தீர்ந்தது, போன்கள் ஊமையாகின. அந்த நாட்களில் ஹாம் ரேடியோ ஆர்வலர்களும் தகவல் பரிமாற்றத்துக்குக் கைகொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் என மூன்று மாவட்டங்களிலும் மின் கம்பங்கள் சாய்ந்து, செல்போன் சேவை தடுமாறியது.

மழைதான் என்றில்லை. கூட்டமும் போனை முடக்கும். 2019-ல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் ஜூலை 1-ல் தொடங்கி 48 நாட்கள் நடந்தது. ஒரு கோடிக்கும் அதிகமான பக்தர்கள் வந்தார்கள். ஒரே தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போன் போட்டால் லைன் கிடைப்பது கஷ்டம். அந்த மாதிரி இடத்தில் ஒருவர் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் கேட்கும் வாக்கி டாக்கிக்கு இணை வேறில்லை.

சமவெளியில் ஒரு சிக்கல்

வாக்கி டாக்கியில் பயன்படும் வி.எச்.எஃப் அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், கையில் பிடித்த செட்டிலிருந்து கிளம்பும் அலைக்கு அடிவானம் சுமார் 5 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். இரண்டு பேரும் தரையில் நின்றால் கணக்குப்படி அதிகபட்சம் 10 கி.மீ. நடுவில் பனந்தோப்பு, வீடு, தொழிற்சாலை வந்தால் அதிலும் பாதிதான்.

தென்னேரிக் கரையில் நிற்பவரின் குரல் காஞ்சிபுரத்துக்கு நேராகப் போகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. இந்தப் பகுதியில் ஏறி நிற்கப் பெரிய மலையும் கிடையாது. பாலாற்றோரம் பழைய சீவரத்தில் நரசிம்மர் கோயில் கொண்ட குன்று, அந்தப் பக்கம் திருக்கழுக்குன்றம் என்று சில இடங்கள்தான்.

அதனால் உயரத்தில் ஓர் இடைத்தரகர் வேண்டும். அவர்தான் ரிப்பீட்டர். 50 மீட்டர் உயர டவரில் ஆன்டெனா வைத்தால் அதன் அடிவானம் 29 கி.மீ. கீழே நிற்பவரின் 5 கி.மீ.யும் சேர்ந்து 34 கி.மீ. சுற்றளவில் யார் பேசினாலும் ரிப்பீட்டர் கேட்கும். கேட்டதை, அதே நொடியில், அதிக சக்தியோடு திருப்பிச் சொல்லும். ஏரிக்கரையில் கிசுகிசுத்தது மாவட்டம் முழுக்க ஒலிக்கும்.

சொல்வதற்கு எளிது. செய்வதில் ஒரு பெரிய தலைவலி இருக்கிறது.

தவிலுக்குப் பக்கத்தில் ஒரு ரகசியம்

கோயில் திருவிழாவில் தவில் வாசிப்பவருக்கு அரையடி தள்ளி நில்லுங்கள். அவர் முழு வேகத்தில் வாசிக்கும்போது, குளத்தின் அக்கரையில் நிற்கும் ஒருவர் உங்கள் பெயரை மெல்லச் சொல்கிறார். அது உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்குமா?

ரிப்பீட்டரின் நிலைமை அதுதான். அதன் காதும் வாயும் ஒரே ஆன்டெனா. ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், கத்தவும் வேண்டும். கேட்பது ஓர் அலைவரிசை, பேசுவது இன்னோர் அலைவரிசை. ஹாம்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பட்டையில் (இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை) இந்த இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். 145 மெகாஹெர்ட்ஸில் அது அரை சதவிகிதம்கூட இல்லை!

சத்தத்தின் வித்தியாசமோ பயங்கரம். ரிப்பீட்டர் வெளியே அனுப்புவது 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். அது கேட்க வேண்டிய மெல்லிய சிக்னல், ஒரு வோல்ட்டை 50 லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இரண்டுக்கும் இடையில் சக்தியில் முப்பதாயிரம் லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். தன் சத்தமே தன் காதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் டூப்ளெக்ஸர்.

கோர்வை போட்ட அலைகள்

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலைப்பாடு உண்டு. உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம். தனித்தனி நாடாவில் நெய்து, இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துவிடுவார்கள். புடவை ஒன்றுதான். ஆனால், உடலின் நிறம் பார்டருக்குள் போகாது, பார்டரின் நிறம் உடலுக்குள் வராது.

டூப்ளெக்ஸர் செய்வதும் கோர்வைதான். ஆன்டெனா ஒன்று. அதற்குப் போகும் கேபிள் ஒரு 'T' முனையில் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் அனுப்பும் கருவி, மறுபக்கம் வாங்கும் கருவி. இரு பக்கமும் வரிசையாக உலோகக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் கேவிட்டி என்று பெயர்.

கோயில் மணி எப்படித் தன் அளவுக்கு ஏற்ற ஒரே சுருதியில் ஒலிக்கிறதோ, அப்படிக் கேவிட்டிக்கும் ஒரு சுருதி உண்டு. குழாயின் நடுவே ஓர் உலோகத் தண்டு. அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2 மீட்டர் சொச்சம், கால் பங்கு சுமார் 52 செ.மீ. அதனால்தான் இந்தக் குழாய்கள் ஏறத்தாழ இரண்டடி உயரத்துக்கு, பெரிய தூக்கு போல நிற்கின்றன. மேலே உள்ள திருகைத் திருப்பினால் தண்டின் நீளம் மாறும், சுருதியும் மாறும்.

வாங்கும் பக்கத்துக் கேவிட்டிகள் வெளியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை உள்ளே விட்டு, தன் வீட்டுக் கத்தலைத் தடுக்கும். அனுப்பும் பக்கத்துக் கேவிட்டிகள் கத்தலை வெளியே விட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இரைச்சல் காதுக்குள் போகாமல் தடுக்கும். நல்ல டூப்ளெக்ஸர் 80 டெசிபல் அளவுக்கும் மேல் தடுக்கும். அதாவது, 10 கோடியில் ஒரு பங்கு மட்டுமே தப்பி உள்ளே போகும்.

இதில் கரன்ட்டில் ஓடும் பாகம், சிப், ஃபியூஸ் எதுவும் கிடையாது. வெறும் உலோகம், வெற்றிடம், திருகு. அதனாலேயே இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சரிகையும் கேவிட்டியும்

இங்கேதான் காஞ்சிபுரம் மறுபடியும் வருகிறது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமையில் பாதி, சரிகை. பட்டு நூல் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் அசல் சரிகை. பாட்டியின் முகூர்த்தப் புடவையை எடைபோட்டு வாங்க ஆள் வருவது அதில் உள்ள வெள்ளிக்காகத்தான்.

நல்ல கேவிட்டியின் உட்புறத்திலும் வெள்ளி முலாம் இருக்கும். காரணம் அழகு இல்லை. உலோகங்களிலேயே மின்சாரத்தை அதிகம் கடத்துவது வெள்ளி. ரேடியோ அலையின் மின்னோட்டமோ உலோகத்தின் உள்ளே ஆழமாகப் போவதில்லை, மேல்தோலில் மட்டும் ஓடும். 145 மெகாஹெர்ட்ஸில் செம்பிலும் வெள்ளியிலும் அந்த ஆழம் சுமார் ஐந்தரை மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாய் எவ்வளவு கனமானது என்பதைவிட, அதன் மேல்தோல் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

சரிகை ஏன் கறுக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'சென்ட் அடிக்காதே, வியர்வையோடு மடித்து வைக்காதே, ஈரத்தில் வைக்காதே' என்று பதில் வரும். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களும் ஈரமும் சேர்ந்து வெள்ளியைக் கறுக்கவைக்கின்றன. கேவிட்டிக்கும் இதே எதிரிகள்தான். ஈரம், கந்தகம், விரல் வியர்வையில் உள்ள உப்பு. ரப்பர் பேண்டில்கூடக் கந்தகம் உண்டு. வெள்ளிக் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் கறுப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரில் லேசாகப் படிந்த கறுப்பு பெரிய கெடுதல் செய்வதில்லை. உண்மையான வில்லன், உலோகமும் உலோகமும் தொடும் இடங்கள். நடுத்தண்டு மேலும் கீழும் நகரும் இடத்தில், மெல்லிய விரல்கள் போன்ற ஸ்பிரிங் தகடுகள் வட்டமாக நின்று தண்டைப் பிடித்திருக்கும். அந்த விரல் நுனியில் களிம்பு ஏறினாலோ, ஒரு விரல் உடைந்தாலோ கேவிட்டியின் சுருதி மங்கும். கேபிள் கனெக்டரில் பச்சை பூத்தாலும் அதே கதி.

காது மந்தமானால் என்ன ஆகும்?

டூப்ளெக்ஸர் கெடும்போது சத்தம் போட்டுச் சொல்லாது. மெல்ல மெல்லக் காது மந்தமாகும். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது தெளிவாகவே கேட்கும். தூரத்து ஏரிக்கரையில் நிற்பவர் குரல்தான் முதலில் தொலையும்.

ஒரு வேடிக்கையான அறிகுறி உண்டு. தூரத்து ஆள் பட்டனை அழுத்துவார். ரிப்பீட்டர் அவரைக் கேட்டுத் தன் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும். அந்தச் சத்தத்தில் அவர் குரல் மூழ்கும். குரல் இல்லை என்று டிரான்ஸ்மிட்டர் ஆஃப் ஆகும். உடனே குரல் மறுபடி கேட்கும், மறுபடி ஆன் ஆகும். 'டக்... டக்... டக்...' என்று விட்டு விட்டு ஒலிக்கும். பேசுபவரோ, 'நம்ம செட்டுல சார்ஜ் இல்லபோல' என்று தன் வாக்கி டாக்கியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

வெளியே போகும் சக்தியும் குறையும். நல்ல நிலையில் டூப்ளெக்ஸரில் 1.5 டெசிபல் இழப்பு இருந்தாலே 25 வாட்டில் 17 வாட் சொச்சம்தான் ஆன்டெனாவுக்குப் போகும். இழப்பு 3 டெசிபல் ஆனால் பாதி போச்சு. அந்தப் பாதி, குழாயைச் சூடாக்குவதில் வீணாகும்.

சூடும் சுருதியும் ஜென்மப் பகை. செம்பு, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். கேட்கச் சின்னதுதான். விடியற்காலைக்கும் கத்திரி வெயில் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால், முழுக்கச் செம்பாலான கேவிட்டியின் சுருதி சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இடைவெளியே 600 என்னும்போது 50 என்பது பெரிய தொகை. அதனால் தரமான கேவிட்டிகளில் இன்வார் என்ற கலப்பு உலோகத்தில் தண்டைப் பிடித்து நிறுத்துவார்கள். 36 சதவிகிதம் நிக்கல், மீதி இரும்பு. வெப்பத்தில் மிக மிகக் குறைவாகவே நீளும். இதைக் கண்டுபிடித்த சார்லஸ் எடுவர்ட் கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

விபூதி வேண்டாம், சபீனாவும் வேண்டாம்!

வெள்ளி விளக்கு கறுத்தால் விபூதி போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். கேவிட்டியில் அந்தக் கை வைக்கவே கூடாது. முலாம் மிக மெல்லியது. விபூதி, பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நார், உப்புத்தாள் எதுவானாலும் முலாமைச் சுரண்டிவிடும், கீறலும் போடும். கறுப்பு போய்ப் பளபளப்பு வரும், ஆனால் கேவிட்டி முன்பைவிட மோசமாகும்.

அனுபவம் உள்ள டெக்னீஷியன்கள் பின்பற்றும் முறை இதுதான்.

முதலில் அளவு, அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்: திறப்பதற்கு முன் ஒவ்வொரு கேவிட்டியின் இழப்பும் தடுப்பும் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்து எழுதிக்கொள்வார்கள். போட்டோவும் எடுப்பார்கள். முன்பு இதற்கு லட்சங்களில் விலை போகும் கருவி வேண்டும். இப்போது உள்ளங்கையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தனித்தனிக் கேவிட்டியைச் சுருதி சேர்க்க அது போதும். 80 டெசிபலைத் தாண்டிய மொத்தத் தடுப்பை அளக்க அதன் கண் பார்வை போதாது.

டிரான்ஸ்மிட்டரை அணைப்பது கட்டாயம்: மின் இணைப்பையே எடுத்துவிடுவார்கள். ஆன் ஆன நிலையில் கனெக்டரைத் தொட்டால் ரேடியோ அலை தோலைச் சுடும். கழற்றிய நிலையில் டிரான்ஸ்மிட்டர் ஓடினால் கருவியும் பாழ்.

சந்தேகம் முதலில் கேபிள் மேல்: பாதிக் கேஸ்களில் குற்றவாளி கேவிட்டி இல்லை. தளர்ந்த கனெக்டர், நீர் இறங்கிய கேபிள், குளவி கட்டிய மண்கூடு, பல்லி எச்சம் இவைதான். கேவிட்டிகளை இணைக்கும் குட்டிக் கேபிள்களின் நீளம் அலைநீளக் கணக்கில் வெட்டப்பட்டது. 'இருக்கிற கேபிளைப் போட்டுவிடலாம்' என்று நீளம் மாற்றினால் கோர்வை பிரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே குழாய்: ஆறையும் மொத்தமாகக் கழற்றிப் பாயில் பரப்பினால், எந்தத் தண்டு எந்தக் குழாயுடையது என்று தெரியாமல் போகும். தண்டின் உயரம், உள்ளே உள்ள வளையத்தின் திசை எல்லாவற்றையும் குறி போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். வளையம் கொஞ்சம் திரும்பினாலும் அளவு மாறும்.

துடைப்பது, தேய்ப்பது அல்ல: கையில் கையுறை. நூல் பிரியாத மெல்லிய துணி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ஸ்பிரிங் விரல்களை அதன் போக்கிலேயே மென்மையாகத் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் ஒடியும். உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், வளைத்து ஒப்பேற்ற முடியாது.

உலர விட்டு மூடுவது: ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகு, ஸ்க்ரூக்களை எதிர் எதிராக, சமமாக இறுக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மூடி சாய்ந்து தொடுப்பு கெடும்.

சுருதி சேர்த்தல்: விட வேண்டிய அலையை விடவும், தடுக்க வேண்டியதைத் தடுக்கவும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை அளப்பார்கள்.

கடைசிப் பரீட்சை: மிக மெல்லிய சிக்னல் ஒன்றைக் கொடுத்துக் கேட்பார்கள். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வார்கள். சிக்னலில் இரைச்சல் கூடாமல் இருந்தால் பாஸ். டிரான்ஸ்மிட்டர் நன்றாகச் சூடான பிறகும் ஒருமுறை இதே பரீட்சை நடக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் விதி ஒன்றுண்டு. அளவு சரியாக இருந்தால் திறக்காதே! நன்றாக இருக்கும் சரிகைப் புடவையை யாரும் துவைப்பதில்லை. வெளியே தூசி துடைத்து, கனெக்டரைப் பார்த்து, அளவை நோட்டில் எழுதி வைப்பதுதான் வருடாந்தர வேலை. கடந்த வருட அளவும் இந்த வருட அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், காது மந்தமாவது மழை வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாம்

தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் வந்து, சென்னை நெடுஞ்சாலையில் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். அவரது நினைவிடத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு, அவர் உரிமம் பெற்ற ஹாம் என்பது தெரியாது. வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி. சோனியா காந்திக்கும் வி.யு.2 எஸ்.ஓ.என். என்ற குறி உண்டு.

ஹாம் என்பது பொழுதுபோக்குதான். ஆனால், ஆபத்து நேரத்தில் அதன் மதிப்பு தெரியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பயணம் அது. 26-ம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்த நிலையில், அவர் குழுவின் ரேடியோ உறவினர்களைத் தேடித் தவித்தவர்களுக்குச் செய்தி சுமந்தது.

அடுத்த ஆண்டு, 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளைக் கொண்டுபோனது. வானத்தில் பறக்கும் ரிப்பீட்டர் என்றே சொல்லலாம். அதில் இரண்டடிக் குழாய்களை ஏற்ற முடியுமா? தேவைப்படவும் இல்லை. அது 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டு, 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசியது. காதும் வாயும் அவ்வளவு தள்ளி இருந்தால் பெரிய கோர்வை வேண்டியதில்லை. ஆனால், பூமியில் எல்லோர் கையிலும் இருக்கும் சாதாரண செட் ஒரே பட்டையில்தான் பேசும். அவர்களுக்காக, டவர் அறையில் குழாய்கள் காவல் நிற்கின்றன.

இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்று ஹாம் ஆகலாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ரிப்பீட்டர் அறைக்குள் பொழுதுபோக்காகப் புகுந்து திருகைத் திருப்புவதும் அப்படியே.

ஏரி வாரியம் சொல்லிக்கொடுத்தது

இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. பள்ளிப் புத்தகத்தில் தேர்தல் முறைக்காக அதைப் படித்திருப்போம். அதில் வரும் குழுக்களில் ஒன்று, ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏரி வெட்டியவர் பெயர் நிற்கும். ஆண்டுதோறும் தூர் வாரியவர், மதகுக்கு எண்ணெய் போட்டவர், எலி வளை அடைத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது. ஆனால், ஆயிரம் ஆண்டு கழித்தும் ஏரியில் தண்ணீர் நிற்பது அவர்களால்தான். அந்தப் பழக்கம் விட்டுப்போனபோது ஏரிகள் மேடாகின. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. தொடக்கவிழா நடந்தது இந்தப் பகுதியின் இன்னொரு பெரிய ஏரியான மணிமங்கலத்தில்.

டவர் வைத்த அன்று திறப்புவிழா நடக்கும். கேவிட்டியின் ஸ்பிரிங் விரலை ஒருவர் துணியால் துடைத்துவிட்டு, நோட்டில் அளவு எழுதி, பூட்டிவிட்டுப் படி இறங்குகிறாரே, அதற்கு விழா இல்லை. அதை அவர் செய்ய வேண்டிய மாதம் ஆனி, ஆடி. மழை வந்த பிறகு செய்ய முடியாது.

கார்த்திகை ராத்திரியில் கரை மேல் நிற்கும் ஒருவர் பட்டனை அழுத்தி, 'கரையில கசியுது, ஆள் அனுப்புங்க, ஓவர்' என்பார். அந்தப் பக்கத்திலிருந்து 'கேட்குது, ஆள் வருது, ஓவர்' என்று பதில் வந்தால், ஆடி மாதம் ஒருவர் செய்த வேலை அங்கே நின்று பேசுகிறது.

தென்னேரிக்குப் போகிறவர்களுக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வந்து, சுங்குவார்சத்திரம் சாலையில் திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழி வசதி. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் ஏரி பார்க்க அழகு. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை எழுந்தருளுவார். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடல் அங்கிருந்து எதிர்க்கரை. ஒரே பயணத்தில் மூன்றையும் பார்க்கலாம்.

ஏரி நிரம்பியிருந்தால் கலங்கல் பக்கம் குழந்தைகளை இறங்கவிடாதீர்கள். செல்ஃபி எடுக்கக் கரையின் சரிவில் நடக்க வேண்டாம். கரையில் எங்காவது தண்ணீர் கசிவது கண்ணில் பட்டால், ஊர்க்காரர் யாரிடமாவது உடனே சொல்லிவிட்டு வாருங்கள்.